எப்படி இருந்துச்சுன்னு கேக்க வந்தவரு

சீரிஸ்ல செத்துப்போனவரு வீட்டுக்கு வந்தாருன்னு சொன்னதும் நீங்க என்ன எதிர்பாக்குறீங்கன்னு எனக்குத் தெரியும். லைட்டு விட்டு விட்டு எரியணும், கதவு தானா தொறக்கணும், நான் தொண்டையைக் கரகரன்னு வச்சுக்கிட்டு சிரிச்சுக் காட்டணும். அதெல்லாம் ஒண்ணும் கெடையாது. காலைல பத்து மணிக்குக் காலிங் பெல் அடிச்சு, செருப்பை வெளியில கழட்டிட்டுத்தான் வந்தாரு.

திருமுல்லைவாயல்ல அப்படித்தான். வீட்ல உக்காந்து ஒரு சீரிஸைப் பாத்து முடிச்சா, மறுநாள் அதுல செத்தவங்க வந்து எப்படி இருந்துச்சுன்னு கேட்டுட்டுப் போவாங்க. உயிரோட இருக்கறவங்களுக்கு அடுத்த பாகம் ஷூட்டிங் இருக்கும், பாவம், வர முடியாது.

பெல் சத்தம் கேட்டதும் தணிகாசலம் பாத்ரூம் பக்கம் நழுவப் பாத்தாரு. நேத்து ஒரே மூச்சா ஓடின எட்டு எபிசோடுல அவரு முழிச்சிருந்து பாத்தது ரெண்டுதான். இருபத்தாறு வருஷம் ராத்திரி பஸ் ஓட்டின மனுஷன். ரிட்டயர் ஆனப்புறம்தான் மத்தியானம் சாப்பிட்டுட்டு பொண்டாட்டியோட ஒரே சோபாவுல உக்காந்து டிவி பாக்கறாரு. "இப்பத்தான்டி என்கூட உக்காந்து பாக்க ஒரு ஆள் கெடைச்சிருக்கு"ன்னு சுகுணா தங்கச்சிகிட்ட போன்ல சொன்னதை ஒரு நாள் கேட்டுட்டாரு. அதுக்கப்புறம் தூங்கிட்டேன்னு சொல்ல அவருக்கு வாயே வரல.

வந்தவரு கதையில ரைஸ் மில் மொதலாளி. ஏழாவது எபிசோடுல கூடப்பொறந்த தம்பியே சுட்டுடறான். சட்டையில குண்டு பாஞ்ச எடத்துல ஊக்கு குத்தியிருந்தாரு. கூடவே, அவரோட சேந்து செத்த கார் டிரைவரும் வந்து கதவோரமா நின்னாரு. மொதலாளி கையில ரெண்டடுக்கு கேரியர். அபிப்பிராயத்தை அதுலதான் வாங்கிட்டுப் போவாங்க.

சுகுணா டீயைக் கொடுத்துட்டு ஆரம்பிச்சாங்க.

"அண்ணே, மருமககிட்ட ஒண்ணும் பேசாம பீரோ சாவியைத் தட்டு ஓரத்துல வச்சுட்டு எந்திரிச்சுப் போனீங்களே, அங்க நான் அழுதுட்டேன். ஆனா அந்தத் தம்பியை நம்புனீங்க பாருங்க, சுத்த மடத்தனம்."

"எல்லா வீட்லயும் அதைத்தாம்மா சொல்றாங்க"ன்னாரு மொதலாளி. கீழடுக்கு ரொம்பி வழிஞ்சுது. விரலால வழிச்சு உள்ள தள்ளி மூடிட்டு, மேலடுக்கை நீட்டினாரு. "சார் சொல்லுங்க."

தணிகாசலம் தொண்டையைச் செருமினாரு. "ஃபர்ஸ்ட் ஆஃப் சூப்பருங்க. செகண்ட் ஆஃப்தான் கொஞ்சம் லேக்."

"இதுல இன்டர்வெல்லே இல்லீங்களே சார்."

"கேமரா நல்லா இருந்துச்சு. ஒரு தடவை பாக்கலாம். குடும்பத்தோட பாக்கலாம்."

மொதலாளி அடுக்கைச் சாய்ச்சுப் பாத்தாரு. காலியாத்தான் இருந்துச்சு.

"என்னங்க, அந்த மழை சீனைச் சொல்லுங்களேன்"னு சுகுணா மெதுவா எடுத்துக் கொடுத்தாங்க.

"ஆமா, மழை. நல்ல மழை."

"லேசா ஈரம் தட்டுது"ன்னாரு மொதலாளி, அடுக்குக்குள்ள விரலை விட்டுப் பாத்துட்டு. அப்புறம் சட்டை ஊக்கைத் தடவிக்கிட்டே, கொஞ்சம் கூச்சத்தோட கேட்டாரு. "நான் செத்தது எப்படி சார் இருந்துச்சு? ரொம்ப மெனக்கெட்டுச் செத்தேன்."

தணிகாசலம் பொண்டாட்டியைப் பாத்தாரு. அந்தம்மா டம்ளரையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. இதுல மட்டும் தப்பிச்சா போதும்னு அவருக்கு இருந்துச்சு. கையை வீசி, குரலை ஏத்தி, ஒரே போடாப் போட்டாரு.

"அண்ணே, பட்டையைக் கெளப்பிட்டீங்க. அந்தத் துப்பாக்கிச் சத்தம் ஒண்ணு போதுங்க. வீடே அதிர்ந்துபோச்சு. சோபாவுல துள்ளி உக்காந்துட்டேன்."

அதுவரைக்கும் கதவோரமா டீயை ஊதிக்கிட்டு நின்ன டிரைவருக்குத்தான் பொறுக்கல.

"ஏது சார் சத்தம்? நீங்கதான் மூணாவது எபிசோடுலயே தூங்கிட்டீங்களே. அம்மா உங்க தலையை எடுத்துத் தோள்ல சாச்சுக்கிட்டு, எங்களைப் பாத்து வாயில விரலை வச்சுக் காட்டுனாங்க. அதனால துப்பாக்கியைத் துண்டுல சுத்தித்தான் சுட்டாங்க. மொதலாளி தடால்னு விழ வேண்டியவரு, செவுத்தைப் புடிச்சுக்கிட்டு பையப் பைய உக்காந்து செத்தாரு. எனக்கு அன்னிக்கு இருமல் வேற. அடக்கிக்கிட்டேதான் சார் செத்தேன்."