அட்டை நிலாவும் இடது கால் ஷூவும்

எர்மேத்தே நிலாவிலிருந்து இறங்கி ஐம்பது வருஷம் ஆகிவிட்டது. அந்த வெட்கம் மட்டும் இன்னும் இறங்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கில் ‘அட்டை நிலா’ என்ற ராக் குழுவின் பாடகர் அவர். முகமெல்லாம் வெள்ளிப் பூச்சு, தோளில் பழைய திரைச்சீலையை வெட்டித் தைத்த அங்கி. கடைசிப் பாட்டுக்கு மேலேயிருந்து ஒரு பெரிய அட்டை நிலாவில் உட்கார்ந்தபடி இறங்குவார். அவருக்கு உயரம் என்றால் உயிரே போய்விடும். ஒரு நிமிஷம்தானே என்று கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு தடவையும் சமாளித்துவந்தார்.

இத்தாலியில் பியாச்சென்சா ஊர் அரங்கில் ஒருநாள் கயிறு சிக்கிக்கொண்டது. இரண்டு ஆள் உயரத்தில் நிலா அப்படியே நின்றுவிட்டது. பாட்டை விட்டுவிட்டு, கையில் மைக் இருப்பதையும் மறந்து, மனுஷன் கதறினார் பாருங்கள், அப்படி ஒரு கதறல். காலை உதறியதில் இடது கால் ஷூ கழன்று கூட்டத்துக்குள் விழுந்தது. ஏணி வைத்துத்தான் இறக்கினார்கள். ஒற்றை ஷூவோடு வீட்டுக்குப் போனவர், அதற்கப்புறம் மேடைப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. ஊரையே மாற்றிக்கொண்டு, பார்மா பக்கம் போய் டைல்ஸ் கடை வைத்துப் பிழைத்தார். மனைவி லிதியாவிடம் விஷயத்தைச் சொல்லவே பத்து வருஷம் ஆயிற்று.

அந்த லிதியாதான் போன வாரம் ரொட்டிக் கடையில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்துவிட்டு வந்தார். அட்டை நிலா ரசிகர்களின் நாற்பத்தெட்டாவது கூட்டமாம். இந்த வருஷம் இவர்கள் ஊரிலேயே, தொழிலாளர் மன்றத்தில், ஞாயிறு மதியச் சாப்பாட்டோடு. அடியில் ஒரு குறிப்பு: இடது கால் ஷூ எளிதில் கழல்வதாக இருக்கட்டும்.

எர்மேத்தேவுக்கு முகம் சிவந்துவிட்டது. “இத்தனை வருஷமா என்னை வெச்சு சிரிச்சிட்டு இருக்கானுங்க, பாத்தியா.”

“அதை அங்க போய்க் கேளு. இங்க உக்காந்து என்கிட்ட கத்தினா அவங்களுக்குக் கேக்குமா?” என்றார் லிதியா.

சண்டை போடுவதற்கென்றே நல்ல சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு கிளம்பினார். லிதியாவும் கூடப் போனார்.

மன்றத்தில் அறுபது பேர் இருந்தார்கள். பாதிப் பேருக்கு நரை, மீதிப் பேருக்கு அதுவும் இல்லை. தட்டில் தொர்த்தெல்லி என்கிற கீரை அடைத்த மாவுப் பண்டம், குடுவையில் சிவப்பு ஒயின், உத்தரத்தில் ஒரு சின்ன அட்டை நிலா. வெள்ளிப் பூச்சு இல்லாத எர்மேத்தேவை ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்த ஒர்னெல்லா, பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற பெண்மணி, கேட்காமலே ஒயின் ஊற்றினார். மடியில் ஒரு துணிப்பை வைத்திருந்தார். அதிலிருந்து ஒரு பழுப்பு ஷூவை எடுத்துத் துடைத்தபோது எர்மேத்தே முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அன்றைக்கு அவர் இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு போன அப்பாவின் ஷூ அது. குதிகாலுக்கு அப்பா அடித்த லாடம்கூட அப்படியே இருந்தது.

சாப்பாடு முடிந்ததும், அன்றைக்கு அரங்கில் யாரோ பதிவு செய்திருந்த கேசட்டைப் போட்டார்கள். கடைசிப் பாட்டு வந்ததும் எல்லோரும் இடது கால் ஷூவைக் கழற்றித் தலைக்கு மேல் தூக்கினார்கள். மண்டபம் எப்படி மணத்திருக்கும் என்று நான் சொல்லவும் வேண்டுமா? பாட்டு நடுவில் அறுந்தது. இருபத்திரண்டு வயது எர்மேத்தே கதறினார். அறுபது பேரும் சேர்ந்து கதறினார்கள்: “அம்மா, முடியல, என்னை இறக்கி விடுங்கடா!”

எர்மேத்தே எழுந்து போய் கேசட்டை நிறுத்தினார்.

“அது நான்தான். நடிப்புன்னு நெனச்சீங்களா? பயத்துல கத்துனேன். ஒரு மனுஷன் பயந்ததை வெச்சு அம்பது வருஷமா சிரிக்கிறீங்களே, நல்லா இருக்கா உங்களுக்கு?”

ஒர்னெல்லாதான் எழுந்து பக்கத்தில் வந்தார்.

“நடிப்பு இல்லன்னு அன்னிக்கே தெரியும் ஐயா. நான் முன் வரிசை. பத்தொம்பது வயசு. அடுத்த சனிக்கிழமை எனக்குக் கல்யாணம். துளிகூட இஷ்டமில்ல, ஆனா சொல்ல வாய் வரல. நீங்க அத்தனை பேர் முன்னாடி முடியலன்னு கத்துனீங்க. இந்த ஷூவோட வீட்டுக்குப் போய் நானும் கத்துனேன். கல்யாணம் நின்னுது.”

தான் பாதிரியார் படிப்பை விட்டதும் அதே வாரம்தான் என்றார் பின்னாலிருந்த ஒரு வழுக்கைத் தலைக்காரர். அவர் மனைவி ஆமாம் என்று தலையாட்டினார்.

எர்மேத்தே தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார். போட வந்த சண்டையில் ஒரு துளிகூட மிச்சமில்லை. கண்ணில் வந்ததை அவர் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. ஒர்னெல்லா ஷூவை நீட்டினார். தன் இடது ஷூவைக் கழற்றிவிட்டுப் போட்டுப் பார்த்தார், வீங்கிய கால் பாதிக்கு மேல் நுழையவில்லை. சரி, கையிலேயே இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டார்.

“முதல்லேர்ந்து போடுங்க” என்றார்.

எல்லோரும் மறுபடி எழுந்து நின்றார்கள். திரும்பிப் பார்த்தால், லிதியா எப்போதோ தன் இடது ஷூவைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அவர் பார்வை எர்மேத்தேவின் காலுக்குப் போயிற்று.

“சாக்ஸ்ல எவ்வளவு பெரிய ஓட்டை! இத்தனை பேர் முன்னாடி மானம் போகுது.”

“போகட்டும்” என்றார் எர்மேத்தே. அப்பாவின் ஷூவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கதற வேண்டிய இடம் வருவதற்காகக் காத்து நின்றார்.