காலையில் எடுத்த சிரிப்பு

வாய் திறந்தபடியே இருக்கிறது, டிவியில், என் வாய்தான், விழுந்துபோன பல்லின் இடம்கூடத் தெரியச் சிரிக்கிறேன், மேடையில் என் மகன் கொம்பையா வலதுகாலை இழுத்து இழுத்து நடக்கிறான், கோணிய வாயால் ஏட்டி தண்ணி கொண்டா என்கிறான், அது அவன் அப்பாவின் கால், அப்பாவின் வாய், பக்கவாதம் கோணவைத்தது, அந்த அப்பா இதோ என் பக்கத்து நாற்காலியில், ஏட்டி, நீயுமா சிரிச்ச என்கிறார். இல்லங்க, சத்தியமா இல்ல, அது படம்பிடிச்ச அன்னைக்குக் காலையிலயே எடுத்தது, அப்ப மேடையில ஒரு ஈ காக்கா கிடையாது, காதில் மைக் மாட்டிய பெண் வந்து எல்லாரும் ஒருவாட்டி நல்லாச் சிரிங்க, கேமராவுக்கு வேணும் என்றாள், வெறும் மேடையைப் பார்த்துச் சிரித்தோம், அம்மா உங்க சிரிப்புதான் சூப்பர் என்றாள், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, சாயங்காலம் இவன் காலை இழுத்தபோது நான் முகத்தை மூடிக்கொண்டேன், அதைக் காட்டாமல் காலையில் எடுத்த சிரிப்பைக் கொண்டுவந்து இங்கே ஒட்டிவிட்டார்கள். கோயில் கொடைத் திருவிழாக்களில் கோழியாகக் கூவி, ரயிலாக ஓடி, கல்யாண வீட்டில் வாயாலேயே தவில் வாசித்த பிள்ளை, டிவிக்குப் போனதும் அதெல்லாம் பழசு தம்பி, புதுசா எதாவது கொண்டாங்க என்று நடுவர் சொல்லிவிட்டார், வாடிய முகத்தோடு ஊருக்கு வந்தவன் அப்பா எதிரில் உட்கார்ந்து வேளாவேளைக்குச் சோறு ஊட்டினான், கைபிடித்து நடத்தினான், என்ன பாசம் என்று நான் கண் கலங்கினேன், பார்த்துப் பார்த்து அந்த நடையைப் படித்திருக்கிறான், டிவியில் முதல்தடவை வந்ததிலிருந்து தெருப்பிள்ளைகள் எல்லாம் அந்த நடைதான் நடக்கின்றன, அவன் நிகழ்ச்சிக்குப் போன துபாயில்கூட அந்த நடைக்குத்தான் கைதட்டு, இவர் கண்ணில்தான் இன்றைக்கு மறுபடி போட்டபோது பட்டுவிட்டது.

சும்மாவே ஒருத்தி இப்படிச் சிரிப்பாளா, எங்க, இப்பச் சிரி பாப்போம் என்கிறார், ஒவ்வொரு சொல்லாகத் தள்ளித் தள்ளி. சிரித்துவிட்டால் நம்புவார், சிரிக்காவிட்டால் அவரைப் பார்த்துத்தான் சிரித்தேன் என்று ஆகிவிடும், வாயைத் திறக்கிறேன், காற்று வருகிறது, மறுபடி திறக்கிறேன், இருமல், பாத்தியா என்கிறார், டிவியை அணைக்க நாற்காலியை ஊன்றி எழுகிறார், நான் அணைக்கிறேங்க என்றால் கேட்டால்தானே, வலதுகால் இழுபடுகிறது, தோள் சரிகிறது, இது அவரா அவனா, அட, மகனைப் போலவே நடக்கிறாரே என்று நினைத்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது, வேண்டாம், வேண்டாம், டிவி அணைந்துவிட்டது, கறுத்த கண்ணாடியில் அவர் அசையாமல் நிற்கிறார், அவருக்குப் பின்னால் வாய் திறந்து நான், இவ்வளவு சத்தமாக, நிறுத்த முடியவில்லை.