செவ்வாய்க்கிழமை மாடி

சலவைக்கடை மாடியில் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் யார் தன் அனுபவத்தைச் சொன்னாலும், சொல்லி முடித்ததும் அது சொன்னவரை விட்டுப் போய்விடும், கேட்டவர்களிடம் சேர்ந்துவிடும். அங்கே கூடுகிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தான். நாலு பேருக்கு நல்லதும் நடக்க வேண்டும், அதிலேயே வீட்டு அடுப்பும் எரிய வேண்டும் என்று தொழில் தொடங்கியவர்கள். சொந்தக்காரர்கள் இவர்களைப் பிழைக்கத் தெரியாதவர்கள் என்பார்கள். மற்றவர்கள், இதில் ஏதோ உள்நோக்கம் இருக்கிறது என்பார்கள். இரண்டையும் கேட்டுக் காது புளித்துப்போய், தங்களுக்குள் மனம்விட்டுப் பேச ஓர் இடம் தேடியபோது சலவைக்கடைக்காரர் மாடியைக் கொடுத்தார். கீழே இஸ்திரிப் பெட்டிகளின் சூட்டில் மாடித்தரை எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். யாரும் வாங்கிப் போகாத சட்டைகள் சுவரோரமாகத் தொங்குவதைப் பார்த்து, புதிதாக வருகிறவர்கள் கூட்டம் பெரிது என்று ஒரு கணம் ஏமாந்துபோவார்கள். மேடை கிடையாது, தலைமையுரை கிடையாது. ஒரே ஒரு வழக்கம் உண்டு: ஜெயித்த கதையை இங்கே சொல்லக் கூடாது. அதற்கு மண்டபம் பிடித்துக்கொள்ளலாம்.

இந்த விஷயம் முதலில் தெரிய வந்தது சக்கரத்தால். பழைய சைக்கிள்களை உடைத்து, நடக்க முடியாதவர்களுக்கு வண்டி செய்து தருகிறவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். ஒரு சரிவில், தான் செய்து கொடுத்த வண்டியின் அச்சு முறிந்து ஒரு கிழவர் உருண்டு விழுந்ததை அவர் மாடியில் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரம் அதே மாதிரி அச்சு வைத்துப் புது வண்டி செய்து, விசிலடித்துக்கொண்டு தள்ளி வந்தார். கேட்டிருந்த எல்லாருக்கும் முழங்கால் விண்ணென்று வலித்தது. ஓடிப்போய்த் தடுத்தார்கள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. மிச்சம் அக்கா விஷயம் இன்னும் வேடிக்கை. விடுதிகளில் மீந்த சாப்பாட்டை வாங்கி ஆஸ்பத்திரி வாசலுக்குக் கொண்டுபோகிறவர் அவர். கூட்டாளி தன்னை நட்டாற்றில் விட்டுவிட்டு வண்டியோடு கம்பி நீட்டியதை ஒரு நாள் அழுதுகொண்டே சொன்னார். மறுநாள் அதே ஆளைத் தெருவில் பார்த்து, நலம் விசாரித்து, டீ வாங்கிக் கொடுத்தார். அந்த ஆளின் முகத்தைக்கூடப் பார்த்திராத பத்துப் பேர் அவனைக் கண்டால் பல்லைக் கடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போனார்கள்.

போகப் போகச் சில நெளிவு சுளிவுகள் பிடிபட்டன. இப்படி வந்து சேர்ந்ததை எத்தனை முறை வெளியே சொன்னாலும் அது போகாது. சொந்த அனுபவம்தான் போகும். அனுபவத்தை இழந்தவருக்கு நடந்ததை எடுத்துச் சொன்னால் நம்புவார், ஆனால் எங்கோ நடந்த செய்தியை நம்புவதுபோல. அதேபோல, கீழே தெருவில் நின்று என்ன சொன்னாலும் அது புத்திமதி மட்டும்தான். தலையாட்டிவிட்டுப் போய் அதே குழியில் விழுவார்கள். மாடியில் சொன்னால்தான் அது கேட்டவரின் கையிலும் நாக்கிலும் தங்கும். அதனால் எல்லாரும் எதைச் சொல்வது, எதை வைத்துக்கொள்வது என்று யோசித்துச் சொல்லப் பழகினார்கள். மறக்க விரும்பியதைக் கொட்டிவிட்டுக் கைவீசி நடந்து போனவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆரம்பத்திலிருந்தே வந்து, ஒரு நாளும் வாய் திறக்காதவள் வடிகட்டி அக்கா மட்டும்தான். பெரிய கம்பெனியில் இஞ்சினியர் வேலையை விட்டுவிட்டு, குழாய்த் தண்ணீர் கலங்கலாக வரும் வீடுகளுக்காக மண்ணிலும் கரியிலும் ஒரு வடிகட்டி செய்தவள். முதல் வடிகட்டியைத் தன் வீட்டில்தான் வைத்தாள். கணவர் தையல் மிஷின் பழுதுபார்ப்பவர். அந்தச் சமயம் தொலைவில் ஒரு ஆலையில் தங்கி வேலை செய்துகொண்டிருந்தார். வீட்டில் அவளும் ஆறு வயது மகளும். கோடை தொடங்கிய பிறகு ஒரு நாள் மகள் தம்ளரை வைத்துவிட்டு, தண்ணி இனிக்குதும்மா என்றாள். அம்மாவும் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். லேசாக இனிக்கத்தான் செய்தது. பூரித்துப்போனாள். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கே வரக்கூடிய தவறு இது: யாராவது ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட மாட்டார்களா என்று ஏங்கி ஏங்கி, குறையைச் சொன்னால்கூடப் பாராட்டாகக் காதில் விழும். ‘எங்கள் தண்ணீர் இனிக்கும்’ என்று மகளின் படத்தோடு நோட்டீஸ் அடித்தாள். மழை வருவதற்குள் மகள் போய்விட்டாள். டாக்டர்கள் வேறு எதையோ காரணம் சொன்னார்கள். தண்ணீரைச் சோதித்த இடத்தில் சுத்தம் என்றார்கள். அந்த இனிப்புதான் பிள்ளையைக் கொண்டுபோனது என்று அவளுக்கு மட்டும் பட்டது. அவள் கொடுத்திருந்த வடிகட்டிகளை வீடு வீடாகப் போய் வாங்கித் தெருவிலேயே போட்டு உடைத்தாள். துக்கத்தில் அப்படித்தான் இருக்கும், பாவம் என்று ஊர் சொன்னது.

அவள் ஏன் வாயைத் திறப்பதில்லை என்பது மாடியில் எல்லாருக்கும் தெரியும். சொன்னால் மகள் நினைவிலிருந்தும் போய்விடுவாள். யாரும் அவளை வற்புறுத்தியதில்லை.

பிறகு காப்பகத்துக்காரர் வந்தார். கட்டடம் எழும்பும் இடங்களில், சித்தாள் வேலைக்கு வரும் பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத் தகரக் கூரை போட்டுக் காப்பகங்கள் நடத்துகிறவர். தங்கமான மனுஷன், பிள்ளைகளின் மூக்கைத் துடைத்துத் துடைத்து அவர் சட்டை நுனி மொடமொடவென்றிருக்கும். அக்காவின் வடிகட்டி பற்றிக் கேள்விப்பட்டு வீட்டுக்குப் போனார். அவள் இல்லாத நேரம் அது. மனைவி செய்ததில் ஏதாவது ஒன்றாவது வாழட்டுமே என்று நினைத்து, கொல்லையில் கிடந்த வடிகட்டி வார்க்கும் அச்சைக் கணவர் எடுத்துக் கொடுத்துவிட்டார். அக்காவுக்கு விஷயம் தெரிவதற்குள் வடிகட்டிகள் தயாராகிவிட்டன. சோதனையிலும் தேறிவிட்டன. கோடைக்கு முன்பே எல்லாக் காப்பகங்களிலும் வைத்துவிடுவதாக அவர் மாடியில் சொன்னபோது, அக்கா அவர் பின்னாலேயே படியிறங்கிப் போய்த் தெருவில் மறித்தாள். வேண்டாம் என்றாள். இனிக்கும், அதுதான் அடையாளம் என்றாள். கையைப் பிடித்துக் கெஞ்சினாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். “உங்க மனசு எனக்குப் புரியுதுக்கா. உங்க பொண்ணு பேரச் சொல்லி நாலு புள்ளைங்க நல்ல தண்ணி குடிக்கட்டுமே” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அப்படிப்பட்டவரிடம் எப்படிச் சண்டை போடுவது?

வீட்டில் கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசினார்கள். கணவருக்கு அச்சைக் கொடுத்த குற்றவுணர்ச்சி. தானே போய்ச் சொல்லலாம் என்றால், அந்தத் தண்ணீரை அவர் ஒரு சொட்டும் குடித்ததில்லை. மகளின் கடைசி மாதங்களில் அவர் பக்கத்திலேயே இல்லை. கடைசியில், “பொண்ண விட்டுட்டு தண்ணிய மட்டும் சொல்லிட்டு வந்துடேன்” என்றார்.

“அவ சொல்லித்தானே அது இனிக்கிறதே எனக்குத் தெரிஞ்சுது. எந்த இடத்துல வெட்டுறது?”

“எங்கிட்ட இருப்பா. நான் பாத்துக்கறேன். நீ போயிட்டு வா” என்றார். ஒரு மனிதன் தன் மனைவியிடம் இதைவிடக் கஷ்டமான ஒன்றைச் சொல்லி நான் கேள்விப்பட்டதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை அக்கா நடுவில் வந்து உட்கார்ந்தாள். முதலில் கணவர் சொன்னபடிதான் முயன்றாள். மண் எவ்வளவு, கரி எவ்வளவு, சூளையில் என்ன சூடு என்று பாடம் நடத்துவதுபோலச் சொன்னாள். கேட்டவர்களுக்கு ஒன்றும் சேரவில்லை. சக்கரம் கொட்டாவியை அடக்கிக்கொண்டார். காப்பகத்துக்காரர் மரியாதையாகத் தலையாட்டினார். அவள் நிறுத்தினாள். வெதுவெதுப்பான தரையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, மகளுக்கு அப்போது ஆறு வயது என்று தொடங்கினாள்.

அதன் பிறகு அவள் எதையும் பிடித்து வைத்துக்கொள்ளவில்லை. எப்படியும் போகப்போகிறாள், பாதியை இங்கேயும் பாதியை அங்கேயும் விட்டு அலைக்கழிக்க வேண்டாம் என்று நினைத்தாளோ என்னவோ, தூர தேசம் போகிற பிள்ளைக்குப் பெட்டி கட்டுவதுபோல ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். பிறந்தபோது இருந்த எடை, ஒன்று, இரண்டு என்று எண்ணும்போது ஏழு என்பதை எப்போதும் விட்டுவிடுவது, தூக்கத்தில் அம்மாவின் காதைத் திருகுவது, கோபம் வந்தால் மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு தான் அங்கே இல்லை என்று சொல்வது. அப்புறம் தண்ணீர். தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தது, இன்னும் கொஞ்சம் கேட்டது, நோட்டீஸில் தன் படத்தைப் பார்த்துக் குதித்தது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டது. மாடியில் இருந்த அத்தனை பேர் நாக்கிலும் மெல்லிய இனிப்பு ஒன்று வந்து ஒட்டியது. அத்தனை பேர் மடியும் ஒரு பிள்ளையின் பாரத்தில் மரத்துப்போனது. காப்பகத்துக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து படியிறங்கி ஓடினார். காப்பகம் காப்பகமாகப் போய், ஒவ்வொரு வடிகட்டியிலும் ஒரு வாய் குடித்து, துப்பி, எல்லாவற்றையும் கவிழ்த்தார். அந்தக் கோடையில் அவருடைய பிள்ளைகளில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர்களுக்கு இது தெரியவும் தெரியாது. சுவரில் கிறுக்கிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறார்கள்.

மாடியில் அக்கா சொல்லி முடித்தாள். கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, ஈரம் எப்படி வந்தது என்று கையைப் பார்த்தாள். பிறகு சுற்றிலும் பார்த்தாள். “என்ன எல்லாரும் அழறீங்க? இன்னிக்கு யாரு சொன்னது?” என்றாள்.

கணவர் எதையும் மறைக்கவில்லை. சுவரில் இருக்கும் படம் யாருடையது, வயிற்றில் இருக்கும் தழும்பு எதனால் என்றெல்லாம் சொன்னார். அவள் நம்பினாள். கொஞ்ச நாள் கண்ணாடி முன் நின்று தழும்பைத் தடவிப் பார்த்தாள். அழுகை வருமா என்று காத்திருந்தாள், வரவில்லை. அது வராததுதான் அவளுக்கு வருத்தமாக இருந்தது. பிறகு அதுவும் தேய்ந்தது. வேறொரு வடிகட்டி செய்யும் யோசனையில் இறங்கினாள், நன்றாகச் சாப்பிட்டாள், சதை போட்டாள். வீட்டில் துக்கம் முழுவதும் கணவர் ஒருவர் தலையில் விழுந்தது. தாங்க முடியாத நாட்களில் அவர் சக்கரத்தின் பட்டறைக்கோ மிச்சம் அக்காவின் வீட்டுக்கோ போய் உட்கார்ந்துகொள்வார். தான் ஊரில் இல்லாத அந்தக் கடைசி மாதங்களில் மகள் எப்படியிருந்தாள், தன்னைக் கேட்டாளா என்று விசாரிப்பார். கேட்டாள் என்பார் சக்கரம். அப்பா எப்ப வருவார் என்று கேட்டுவிட்டு மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள் என்பார். சொல்லும்போது அவர் பட்டறை மேஜைக்கு அடியில் பார்ப்பார், ஏனென்றால் அப்போது பக்கத்தில் இருந்தது அவர்தான்.

மகள் இறந்த தேதி வந்தபோது, யாரும் யாரையும் கூப்பிடாமல், பத்துப் பன்னிரண்டு பேரும் அந்த வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். தன் குழந்தையைப் பறிகொடுத்தவர்களின் முகம் அத்தனை பேருக்கும். அக்கா கதவைத் திறந்தாள், உள்ளே கூப்பிட்டாள், தண்ணீர் கொடுத்தாள். காப்பகத்துக்காரர் படத்தின் முன்னால் சரிந்து உட்கார்ந்து தேம்பினார். அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தாள். “அழாதீங்க தம்பி. எம்பொண்ணுன்னுதான் சொல்றாங்க. நீங்க எல்லாரும் இப்படி அழறதப் பாத்தா ரொம்ப நல்ல பொண்ணாத்தான் இருந்திருப்பா” என்றாள். கணவர் சமையலறையில் திரும்பி நின்று, கழுவிய தம்ளர்களையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார். அடுத்த வருஷமும் அவர்கள் வந்தார்கள். இப்போதெல்லாம் அந்தத் தேதி நெருங்கும்போது, அக்கா பக்கத்து வீட்டில் நாற்காலிகள் கேட்டு வாங்கி வந்து போட்டுவைக்கிறாள்.