தாளில் இருந்த ஊர்ப்பெயர்

மே 8, வியாழன். வாஷிங்டன்.

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். நிதாலின் முழுப்பெயரையும் ஊரையும் தாளில் அச்சிட்டுவிட்டேன்.

பிரதிநிதிகள் சபை உறுப்பினர்களைச் சந்தித்துவிட்டுக் கிளம்பும்போது ஒரு தாளை விட்டு வருவது எங்கள் அமைப்பின் வழக்கம். வந்தவர்கள் யார், இஸ்ரேல், பாலஸ்தீனம் இரு தரப்பையும் பேச வைக்க அமெரிக்கா என்ன செய்ய வேண்டும் என்று அதில் இருக்கும். இம்முறை வந்தவர்கள் இருவர். நிதால் பெத்லகேமை அடுத்த கிராமத்துக்காரர். யோராம் இஸ்ரேலின் ஹைஃபாக்காரர். இருவருமே இந்தச் சண்டையில் தம்பியைப் பறிகொடுத்தவர்கள்.

நிதால் முதல் நாளே சொல்லியிருந்தார். "நிதால்னு மட்டும் போடும்மா. ஊர் வேண்டாம். இஸ்ரேல்காரனோட சேர்ந்து நின்னா எங்க ஊர்ல துரோகின்னுடுவாங்க. எம் பொண்ணு அங்க டீச்சரா இருக்கா."

என் சரிபார்ப்புப் பட்டியலில் ஆறாவது வரி அதுதான். டிக் போட்டிருக்கிறேன். அவசரத்தில் விட்டுப்போயிற்று என்று எழுத ஆசை. அது முழு உண்மையல்ல. அழைப்புக் கடிதத்திலிருந்து பெயரை எடுத்து ஒட்டியபோது, ஊரும் இருந்தால் படிப்பவர்கள் நம்புவார்கள் என்று ஒரு நொடி தோன்றியது. அந்த ஒரு நொடி போதுமானதாக இருந்தது.

ஏழு அலுவலகங்கள். நடைபாதையில் நான் கடிகாரத்தைப் பார்க்கும்போதெல்லாம் நிதால் யோராமிடம், "கர்னல் முறைக்கிறா, நடடா" என்பார். கர்னல் என்பது எனக்கு அவர் வைத்த பெயர்.

"ஊருக்குப் போனா என்னைத் தெரியாதுன்னுடுவான் பாரு" என்றார் யோராம்.

"உன் மூஞ்சியைத் தெரியும்னு எவன் ஒத்துக்குவான்?"

மூன்று மணிக்கு ஒரு அலுவலகம் நன்றி சொல்லி அந்தத் தாளைப் படமெடுத்து இணையத்தில் போட்டது. எங்கள் இயக்குநர் லொரெட்டா தெரிந்ததும் பேசி எடுக்க வைத்தார்.

"நாப்பது நிமிஷம்தான் இருந்துச்சு. யாரு பாத்திருக்கப் போறா? அவர்கிட்ட சொல்லிப் பயமுறுத்தாத, ஷைனா."

நான் பார்த்திருந்தேன். அந்தப் படத்துக்குக் கீழே யாரோ அரபியில் எழுதிய ஒரு வரி. ஏழு மாதமாக மாலை வகுப்பில் அரபி படிக்கிறேன். எழுத்துக்கூட்டினேன்: 'இவர் நம்ம டீச்சரோட அப்பா இல்ல?'

லொரெட்டாவிடம் அதைச் சொல்லவில்லை.

ஐந்து மணிக்கு வழியனுப்பு விருந்து. நிதால் எல்லார் முன்னாலும் என்னைக் காட்டி, "கர்னல்கிட்ட ஒண்ணு சொன்னா மறக்க மாட்டா. அந்த நம்பிக்கையிலதான் வந்தேன்" என்றார். நான் இன்னொரு ரொட்டியை எடுத்துக்கொண்டேன். பசியே இல்லை.

பிறகு வகுப்பு. ஒரு பத்தியை உரக்க வாசிக்கச் சொன்னார்கள். பிழையே இல்லை என்று ஆசிரியர் பாராட்டினார்.

நாளை வெள்ளி, அங்கே பள்ளி விடுமுறை, ஒரு நாள் அவகாசம் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த ஊரில் நிதாலின் மகளைத் தேடி யாரும் போகப் பள்ளி திறந்திருக்க வேண்டியதில்லை. சிறு தவறு என்று மேலே எழுதியதை அடிக்காமல் அப்படியே விடுகிறேன்.

நாளை காலை ஏழு மணிக்கு அவரை விமான நிலையத்துக்கு அழைத்துப் போக வேண்டியது நான்தான். ஆறரைக்கே விடுதிக்குப் போக வேண்டும். பெட்டியை வண்டியில் ஏற்றுமுன் அந்த வரியை அரபியிலேயே வாசித்துக் காட்டி, அச்சிட்டது நான்தான் என்று சொல்ல வேண்டும். மகளிடம் பேச என் தொலைபேசியைக் கொடுக்க வேண்டும். ஒன்பதுக்கு ஏழு அலுவலகங்களிலும் தாளைத் திரும்பக் கேட்க வேண்டும்.