குப்புறப் படுத்தவனுக்கு ஒரு கதை

மச்சானுக்குக் கண் ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் சொன்னது எனக்கு நம்பும்படியாக இல்லை. கண்ணுக்குள் வாயுவை அடைத்திருக்கிறார்களாம். அது உள்ளேயிருந்து அழுத்தி, கழன்ற விழித்திரையை ஒட்டவைக்குமாம். அதற்கு ஆள் ஒரு வாரம் முகத்தைத் தரைக்குக் காட்டியபடியே கிடக்க வேண்டுமாம். தலையைத் தூக்கினால் கண் போய்விடும். இன்னொரு கண் போய்ப் பல வருஷம் ஆகிறது. டாக்டர்கள் சொல்வதில் பாதியைத் தள்ளித்தான் எடுத்துக்கொள்வேன். இதில் அப்படித் தள்ளிப் பார்க்க முடியவில்லை. கண் என்னுடையது இல்லையே.

அவன் என் பெண்டாட்டியின் தம்பி. பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகனாக இருந்து ஓய்வு பெற்றவன். துணை இல்லாத ஆள் என்பதால் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். கட்டிலில் குப்புறப் போட்டு, நெற்றிக்கு ஒன்றும் தாடைக்கு ஒன்றுமாகத் தலையணை கொடுத்தோம். மத்தியானத்துக்குள்ளேயே நெளிய ஆரம்பித்துவிட்டான். கழுத்து ஒடிகிறது, ஒரே ஒரு நிமிஷம் திரும்பிக்கொள்கிறேன் என்று அக்காளிடம் கெஞ்சினான். அவள் திட்டினாள். திட்டு கொஞ்ச நேரம்தான் தாங்கியது.

பிறகு அவனே என்னைக் கதை வாசிக்கச் சொன்னான். பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய ஒரு மூட்டைப் புத்தகம் வைத்திருந்தான். எல்லாம் அந்தக் காலத்து விண்வெளிக் கதைகள், ஓய்வு பெற்ற பிறகு படிப்பதற்காகச் சேர்த்தவை. கைக்கு வந்ததை எடுத்தேன். நான் ஐந்தாவது தாண்டாதவன். ஆயுசு பூராவும் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தேன். அபாயம் என்ற பலகையைத் தவிர அதிகம் வாசித்ததில்லை. எழுத்துக் கூட்டித் தடுக்கித் தடுக்கித்தான் வாசித்தேன். கதை இதுதான்: வேற்றுக் கிரகத்தில் ஒரு மெக்கானிக்கை மறந்து விட்டுவிட்டுக் கப்பல் போய்விடுகிறது. அவனுக்கு மூச்சு தரும் காற்று மெஷின் நின்று நின்று ஓடுகிறது. பொய்க்கும் ஓர் அளவு வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் மச்சான் அசையாமல் கிடந்தான்.

மூன்றாம் நாள் பக்கத்தைப் புரட்டினால் அட்டை வந்துவிட்டது. கடைசிப் பக்கங்களைக் காணோம்.

இதை மச்சானிடம் சொல்ல முடியாது. டிக்கெட் தொலைந்துவிட்டது என்று யார் சொல்லியும் அவன் நம்பியது கிடையாது. சீட்டுக்கு அடியில் குனிந்து அவனே பார்ப்பான். பக்கம் இல்லை என்றால் எழுந்து உட்கார்ந்து புத்தகத்தைப் பிடுங்குவான். கண்ணும் அதோடு போகும். அதனால் அட்டையைப் பார்த்துக்கொண்டே நானாகச் சொல்ல ஆரம்பித்தேன்.

முதல் தடவை சொதப்பிவிட்டேன். மெஷின் நின்றது என்றேன். மெக்கானிக் மூடியைக் கழற்றினான், ஒரு வயர் தளர்ந்திருந்தது, முறுக்கினான், ஓடியது. பழுதைப் பார்த்தால் சரிசெய்துவிட்டுத்தான் கை கழுவுவேன். வேறு விதம் எனக்குத் தெரியாது.

"அவ்வளவுதானா மாமா?" என்றான். தோள் தலையணையை விட்டு எழும்பியது.

"படு. அந்த வயர் மறுபடி தெறிச்சிருச்சு."

தோள் இறங்கியது.

அவன் தூங்கும்போது அச்சிலிருந்த பக்கங்களைத் திரும்பப் பார்த்தேன். அடுத்த கம்பெனிக்காரன் லிஃப்டின் பெட்டியைத் திறந்து எப்படி வயர் இழுத்திருக்கிறான் என்று பார்ப்பதுபோலத்தான். எழுதியவன் கெட்டிக்காரன். இரண்டு சூரியன் உதித்தது என்று ஒரு வரி. அதற்கு விளக்கம் கிடையாது. அடுத்த வரியில் மெக்கானிக் ஈரத் துண்டைக் காயப்போடுகிறான். துண்டை நம்பிவிட்டால் சூரியனையும் நம்பித் தொலைக்க வேண்டியிருக்கிறது. ஏமாற்றுக்காரர்கள் இப்படித்தான் பேசுவார்கள். நானும் அப்படியே செய்தேன். மெக்கானிக் பயந்தான் என்று சொன்னபோது மச்சானின் கால் ஆடியது. கையிலிருந்த திருகாணி நழுவித் தூசியில் புதைந்தது, ஐந்து விரலாலும் துழாவினான் என்று சொன்னபோது கால் நின்றது. அதன் பிறகு அந்த மெஷினில் நான் விட்டுவைத்த பாகம் கிடையாது. மோட்டாரை எரித்தேன். குழாயில் வெடிப்பு விட்டேன். மாற்றுப் பாகப் பெட்டியைப் பள்ளத்தில் தள்ளினேன். என் பெண்டாட்டி சமையலறையிலிருந்து, "பாவம், அந்த ஆளை ஏன் இந்தப் பாடு படுத்துறீங்க" என்றாள். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

டாக்டரிடம் போவதற்கு முந்தின நாள், மச்சான் தலையணைக்குள்ளிருந்தே கேட்டான்.

"மாமா, புத்தகம் எப்ப தீர்ந்துச்சு?"

நான் அட்டையை ஒருதரம் புரட்டினேன்.

"முதல் ரெண்டு நாள் கல்லு ரோட்டுல வண்டி ஓட்டுற மாதிரி வாசிச்சீங்க. அப்புறம் திடீர்னு வழுக்கிட்டுப் போகுது. எத்தனை பேர் பொய்யை நான் நின்னு கேட்டிருக்கேன்?"

"தெரிஞ்சும் ஏன் சும்மா கிடந்தே?"

"அந்த ஆளுக்கு என்ன ஆச்சுன்னு தெரியணும்ல. சொல்லுங்க."

சொன்னேன்.

மறுநாள் டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். திரை ஒட்டிவிட்டது, இனி தலை நிமிரலாம், பார்வை மெல்ல மெல்ல வரும் என்றார். டாக்டர் சொன்னதை முழுசாக எடுத்துக்கொண்டது அன்றைக்குத்தான். வாடகைக் காரில் வீடு திரும்பினோம். மச்சான் கழுத்தைத் தடவிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

"என் வேலை முடிஞ்சுது. அந்த மெக்கானிக்கையும் சரி பண்ணிடுங்க மாமா" என்றான்.

நானும் காலையிலிருந்து அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு கப்பலைக் கொண்டுவரலாமா என்று கேட்டேன். இத்தனை நாள் எங்கே இருந்தது அந்தக் கப்பல் என்று கேட்டான். பள்ளத்திலிருந்து பெட்டியை எடுக்கலாம் என்றேன். கயிறு எரிந்துவிட்டது என்று நீங்கள்தான் சொன்னீர்கள் என்றான். சொன்னது உண்மைதான். மெஷினை மனசுக்குள் ஒருதரம் முழுக்கக் கழற்றிப் பார்த்தேன். என் சர்வீஸில் எத்தனையோ செத்த மெஷினை ஓட்டியிருக்கிறேன். இது ஓடாது.

"ஓடாது மச்சான். நீ எழுந்திருக்கக் கூடாதுன்னு ஒண்ணு மிச்சமில்லாம உடைச்சுட்டேன்."

"ஆள்?"

"இன்னும் மூச்சு இருக்கு. மிச்சக் காத்து சாயங்காலம் வரைக்கும் வரும்."

"அது தெரியுமா அவனுக்கு?"

"மெக்கானிக்காச்சே. தெரியாம இருக்குமா? கருவியெல்லாம் துடைச்சு எடுத்து வச்சுட்டான். வாசல்ல உட்கார்ந்திருக்கான்."

முன்சீட்டிலிருந்து பெண்டாட்டி திரும்பி, யார் வாசலில் என்று கேட்டாள். சிக்னலில் கார் நின்றது. மச்சான் கட்டு எடுத்த கண்ணை ஜன்னல் பக்கம் திருப்பினான். ஒன்றும் தெரியவில்லை, வெளிச்சம் மட்டும் ஆடுகிறது என்றான்.