கம்பத்தில் எதுவும் தொங்கக் கூடாது

“அப்பா, கம்பத்துல தண்ணி பாட்டில் தொங்கவிட்டாலும் தப்பா?”

எட்டு வயது மகள் அப்படிக் கேட்ட அன்று அது வெறும் விளையாட்டு. அப்பாவுக்குச் சட்டமன்றச் செயலகத்தில் வேலை. உறுப்பினர்கள் வாயால் சொல்வதைச் சட்ட மொழியில் மசோதாவாக எழுதித் தருவார். எழுதியதை வீட்டுக்கு வந்து மகளிடம் சொல்வார். அவள் அதில் ஓட்டை கண்டுபிடிக்க வேண்டும். அவர் அடைக்க வேண்டும். தாங்கள் எழுதியதைத் தாங்களே மீறிப் பார்ப்பது அந்தத் தொழிலின் வழக்கம்தான். அந்த வேலையை ஒரு குழந்தையிடம் கொடுத்தது இவர் மட்டுமாகத்தான் இருக்கும்.

உறுப்பினர் ஒருவர் கூட்டத்தொடர் தவறாமல் ஏதாவது ஒரு மசோதாவோடு வந்து நிற்பார். அரசு ஊழியர்கள் வேலை நேரத்தில் கட்டாயம் சிரித்த முகத்தோடு இருக்க வேண்டும் என்று ஒன்று. விடிவதற்கு முன் கூவும் சேவலின் உரிமையாளருக்கு அபராதம் என்று இன்னொன்று. எதுவும் தேறியதில்லை. சபை வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கும். மகள் அவருக்கு ‘சேவல் மாமா’ என்று பெயர் வைத்திருந்தாள்.

நகரத்தின் அழகு கெடுகிறதாம். தெருக் கம்பங்களில் எதுவுமே இருக்கக் கூடாதாம். அதுதான் சேவல் மாமாவின் புது மசோதா. போஸ்டர் ஒட்டக் கூடாது என்று அப்பா எழுதினார். “நூல் கட்டினா?” என்றாள் மகள். கட்டவும் கூடாது என்று சேர்த்தார். “பலூன்?” அதுவும் கட்டுவதுதான் என்றார். அப்போதுதான் அவள் பாட்டிலைக் கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே ‘தொங்கவிடப்பட்ட எந்தப் பொருளும்’ என்று எழுதினார்.

“அப்போ பக்கத்துச் சுவத்துல மாட்டிக்குவேன்!”

“சுவத்துக்குச் சொந்தக்காரர் இருப்பாரே வாண்டு. திட்டுவாரு.”

“நல்லவரா இருந்தா திட்ட மாட்டாரு.”

“அதையெல்லாம் சட்டத்துல எழுத முடியாதும்மா.”

“அப்போ நான்தான் ஜெயிச்சேன்” என்று சொல்லிவிட்டு அவள் தூங்கப் போனாள்.

மசோதா முறை வராமல் கிடந்தது. அந்த மழைக்காலத்தில், பள்ளி விட்டு வரும் வழியில், நாற்சந்தியில் ஒரு லாரி அவளை அடித்துப்போட்டது. எதிரே பஞ்சர் கடை. கடைக்காரர் தன் கட்டிலில் கிடந்த போர்வையை உருவிக்கொண்டு ஓடிவந்து அவள்மேல் போர்த்தினார். அப்பா வந்து சேரும்வரை கொட்டுகிற மழையில் அவள் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தார். அந்தப் போர்வை அவளோடே போய்விட்டது. அவருக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்ல அப்பாவால் முடியவில்லை. அந்தப் பக்கமே போகாமல் சுற்றுவழியில்தான் வேலைக்குப் போய்வந்தார்.

அம்மாதான் அங்கே போவாள். மகள் விழுந்த இடத்துக் கம்பத்தில், மகளுடைய நீல நிறத் தண்ணீர் பாட்டிலை அதன் வாராலேயே கட்டித் தொங்கவிட்டிருந்தாள். ஞாயிறுதோறும் போய்த் துடைத்து, புதுத் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவாள். “தினமும் தண்ணி குடிக்காம பாட்டிலை அப்படியே திருப்பிக் கொண்டு வருவா, நானும் தினமும் திட்டுவேன். அன்னைக்குன்னு முழுசா குடிச்சிருக்கா” என்பாள். வேறெதுவும் சொல்ல மாட்டாள். வாரம் முழுவதும் அவளை எழுந்து நடமாட வைத்தது அந்த ஞாயிற்றுக்கிழமைதான்.

மறு வருடம் மசோதா தூசி தட்டி எழுந்தது.

“உங்க சேவல் மாமாவோட கம்பம் வருது சார்” என்றார் பக்கத்து மேசைக்காரர். “ஆனா இந்தத் தடவை தேறிடும் போல. ஆட்சி நூல்ல தொங்குது. அவர் ஓட்டு வேணுமாம்.”

அப்பா உறுப்பினரின் அறைக்குப் போனார். அவர் எழுந்து வந்து தோளில் கை போட்டார். உள்ளபடியே நல்ல மனிதர்தான்.

“ஐயா, விபத்து நடந்த இடத்துல சில பேர் பூ, பொம்மைன்னு ஏதாவது கட்டி வெச்சிருப்பாங்க. அதுக்கு மட்டும் ஒரு விலக்கு குடுத்துட்டா…”

“அட போங்க சார்! அப்படி விட்டா நாளைக்கு என் கட்சிக்காரனே எல்லா போஸ்டர்லயும் ‘அஞ்சலி’ன்னு போட்டு மாட்டிடுவான். எத்தனை வக்கீல் பார்த்தாச்சு தெரியுமா? ஒரு ஓட்டை கிடைக்கல. என்னமா அடைச்சிருக்கீங்க! எழுதுன கைக்குத் தங்கக் காப்பே போடலாம்.”

என் மகள் என்று ஒரே ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அது வாய்வரை வந்தது. தன் துக்கத்தைச் சொல்லிச் சட்டத்தை வளைத்தவன் என்று ஆகிவிடுவோமோ என்ற கூச்சம் அதை உள்ளேயே தள்ளிவிட்டது. வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

கூட்டத்தொடரின் கடைசி நாள், எல்லாருக்கும் வீட்டுக்குப் போகிற அவசரம். சிரிப்புக்கு நடுவே குரல் வாக்கெடுப்பில் மசோதா நிறைவேறியது. சட்டம் நடைமுறைக்கு வரும் தேதி அறிவித்த அன்று அவர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். பலூனையும் சொன்னார், பாட்டிலையும் சொன்னார்.

“அவளே கேட்டாளா?” என்றாள் அம்மா. “தண்ணி பாட்டில்னு அவ வாயாலயே கேட்டாளா?”

“ம்.”

“கெட்டிக்காரி” என்று சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாக உடைந்தது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, “குப்பை வண்டியில போட்டுடப் போறாங்க. முன்னாடியே கழட்டிட்டு வந்துடுங்க. என்னால முடியாது” என்றாள்.

விடிகிற நேரத்தில் அப்பா நாற்சந்திக்குப் போனார். மகள் போன பிறகு அன்றுதான் முதல் தடவை. கம்பம் கழுவித் துடைத்ததுபோல் மொட்டையாக நின்றது. பாட்டில் இல்லை. நகராட்சி ஆட்கள் முந்திக்கொண்டுவிட்டார்கள். வீட்டுக்குப் போய் என்ன சொல்வது என்று தெரியாமல் அந்தக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நிமிர்ந்தபோது பஞ்சர் கடை கண்ணில் பட்டது. வெளிச்சுவரில் பழைய டியூப்கள் மாட்டியிருந்த ஆணிகளுக்குப் பக்கத்தில், புதிதாக ஓர் ஆணி. அதில் நீல பாட்டில். மழை படாதபடி மேலே ஒரு தகரத் துண்டு செருகியிருந்தது. வாசலில் போட்டிருந்த கயிற்றுக் கட்டிலில் கடைக்காரர் ஒரு சாக்கை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

நல்லவரா இருந்தா திட்ட மாட்டாரு.

சட்டத்தில் எழுத முடியாததைக் கடவுள் மனிதர்களின் கையிலேயே விட்டுவைத்திருக்கிறார். அப்பா தோள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, தூங்குகிறவர் விழித்துவிடாதபடி அழுதார்.

வீட்டில் அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். வெறுங்கையைப் பார்த்தாள்.

“சுவத்துல இருக்கு” என்றார்.

“யாரு சுவத்துல?”

“நல்லவரு சுவத்துல.”

சில நாள் கழித்து, விடியற்காலையில் அவர் மறுபடி போனார். கட்டில் காலியாக இருந்தது; கடைக்காரர் குளிக்கப் போயிருக்க வேண்டும். சாலையில் ஒருவரும் இல்லை. கொண்டுவந்த கனமான கம்பளிப் போர்வையைப் பிரித்துக் கட்டிலில் விரித்தார். கால்மாட்டில் காற்று நுழையாதபடி, மகளுக்குச் செய்வதுபோல், ஓரத்தை உள்ளே செருகிவிட்டார். பிறகு பாட்டிலை ஒருமுறை தொட்டுவிட்டு, வந்த வழியே நடந்தார்.