சுள்ளிக் கூலி

கேஸ் அடுப்பை வாங்கிக்கொண்டபோது மணிமொழி சிரிக்கவில்லை என்று போட்டோ எடுத்தவர் குறைப்பட்டுக்கொண்டார். அடுப்பை எடுத்துக் கொடுத்த சிவப்பிரகாசம் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சிரித்தார். முத்தாண்டிக்குப்பம் பக்கத்தில் அவருக்குப் பெரிய முந்திரித் தோப்பு, நெய்வேலி மைன்ஸில் பர்மனென்ட் வேலை. அடுப்பும் சிலிண்டரும் அரசாங்கத்துடையவை. முகம் மட்டும், தன் வீட்டுப் பொருளைத் தானம் செய்கிறவர் முகம். "இனிமே புகையில கண்ணு கெட வேணாம், போங்க" என்று காலனிப் பெண்களை வாழ்த்தி அனுப்பினார். அந்த வாழ்த்தே அவருக்கு வினையாகப் போயிற்று.

மாசி பிறந்தது. கொட்டை விழுவதற்குள் தோப்பைக் கூட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் சருகுக்குள் விழுவதைப் பொறுக்க முடியாது. கூட்டுவது காலனிப் பெண்கள், அதற்குக் காசு கிடையாது. சுள்ளியையும் சருகையும் அடுப்பெரிக்க அள்ளிக்கொண்டு போகலாம், அதுதான் கூலி. மணிமொழியின் மாமியாரும் அப்படித்தான் இடுப்பொடியக் கூட்டினாள். அந்தச் சுள்ளியை ஊதி ஊதியே நெஞ்சு கெட்டுச் செத்தாள். அதை நினைத்தால் மணிமொழிக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும்.

சிவப்பிரகாசம் ஆள் விட்டுக் கூப்பிட்டார். மணிமொழி வெறுங்கையோடு போய் நின்றாள்.

"சுள்ளி எங்களுக்கு வேணாங்க. கூலி குடுங்க, கூட்டறோம்."

"காலங்காலமா இருக்கிற வழக்கத்த நீ மாத்துறியா?"

"நான் எங்கங்க மாத்துனேன்? நீங்கதான அடுப்பு குடுத்தீங்க. போட்டோகூட இருக்கு."

அவர் முகம் சுண்டிப்போயிற்று. "சிலிண்டர் தீரட்டும். அப்புறம் எதை எரிப்பீங்கன்னு பாக்கறேன். என் தோப்புல ஒரு சுள்ளி தொடக் கூடாது."

வீட்டில் புருஷன் நெடுமாறன் தலையில் கைவைத்துக்கொண்டான். "மைன்ஸ்ல அவரு பர்மனென்ட்டு, நான் கான்ட்ராக்ட்டு. அவரு ஒரு வார்த்தை சொன்னா என் ஷிப்டு போயிடும்."

"அதுக்காக ஆயுசுக்கும் சும்மா கூட்டிகினே இருக்கச் சொல்றியா?"

கேட்டுவிட்டாளே தவிர, அவளுக்கும் பயம்தான். பயந்துகொண்டே அடுத்த காரியத்தைப் பார்த்தாள். பக்கத்து வீட்டு காந்திமதியையும் இன்னும் இரண்டு பேரையும் கூட்டி, அவர் தோப்பைக் கூட்டுகிற அந்த நாலு வீட்டுக்கும் ஒரே அடுப்பில் சமைப்பதென்று முடிவு செய்தாள். ஒரு சிலிண்டர் தீர்ந்த பிறகுதான் அடுத்ததைத் தொடுவார்கள். சிவப்பிரகாசம் ஷிப்டு முடிந்து பைக்கில் போகும்போதெல்லாம் காலனிக் கூரைகளில் புகை வருகிறதா என்று பார்த்துக்கொண்டே போனார். புகை வரவில்லை. தோப்பில் கொட்டை விழத் தொடங்கியது. கூட்ட வெளியாள் தேடினார். அறுவடை நேரம், ஒருவரும் கிடைக்கவில்லை.

கடைசிச் சிலிண்டர் ஒரு காலையில், சோறு பாதி வெந்திருக்கும்போது அணைந்தது. காந்திமதிக்கு அழுகை வந்துவிட்டது. "போதும்டி மணி. போயி கூட்டிட்டு ரெண்டு கட்டு சுள்ளி எடுத்துகினு வந்துடலாம்."

மணிமொழி வாசலில் மூன்று செங்கல்லை வைத்துப் பானையை ஏற்றித் தீ மூட்டினாள். புகை கூரைக்கு மேலே எழும்பியது.

கொஞ்ச நேரத்தில் பைக் சத்தம். சிவப்பிரகாசம் சிரித்துக்கொண்டே இறங்கினார்.

"என்னா மணிமொழி, தீந்துபோச்சா? யாரு தோப்புச் சுள்ளி இது?"

"சுள்ளி இல்லீங்க. குனிஞ்சு பாருங்க."

குனிந்தார். எரிந்துகொண்டிருந்தவை விளக்குமாறுகள். நீளக் காம்பு வைத்துக் கட்டிய தோப்பு விளக்குமாறுகள், நாலு வீட்டுடையதும்.

"இனிமே எங்ககிட்ட விளக்குமாறே கெடையாது. கூட்டணும்னா கூலியும் குடுங்க, விளக்குமாறும் நீங்களே வாங்கியாங்க."

அவருடைய சிரிப்பு போன இடம் தெரியவில்லை. தோப்பு இருக்கும் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். "அங்க கொட்டை விழுந்துகினு இருக்கு" என்றார், குரல் இறங்கி.

"விழட்டுங்க. சோறு வெந்ததும் கூலி பேசலாம், இருங்க."

சிவப்பிரகாசம் போகவில்லை. அந்தப் புகையிலேயே கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார்.